அம்பர்நாத்தில் இரண்டு நாள்

மும்பைத் தமிழர்களுள் அம்பர்நாத் வழியே பயணம் செய்தவர் மிகப் பலர். அவ்வூரில் இறங்கியவரோ அதிகம் பேர் இலர். கல்யாண் சந்திப்பில் இருப்புப்பாதை இரண்டு கிளைகளாகப் பிரிகின்றது. ஒன்று வடகிழக்கே கசாராவை நோக்கிச் சென்று நாசிக் வழியாக வடநாடு புகுகின்றது. மற்றொன்று தென்கிழக்கே திரும்பிக் கர்ஜத்தை அடைந்து, போர்காட் மலையேறி, புணே, சோலாப்பூர், இராய்ச்சூர் வழியாகத் தென்னாட்டை எட்டுகின்றது. இந்த இரண்டாவது கிளையில், வித்தல்வாடிக்கும் உல்லாஸ்நகருக்கும் அடுத்து இருப்பது அம்பர்நாத். 1871-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து சென்ற பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் இராய்ச்சூரில் ஒன்று கூடின. அது முதல், பிழைப்பைத் தேடி இந்நகருக்குச் சென்னை மெயிலில் வந்த நம் முன்னோர் அனைவரும் இவ்வூரைக் கடந்தே வந்தனர். வண்டி நில்லாமல் சென்றது. அவர்களும் பெட்டி படுக்கைகளைச் சரிசெய்யும் பரபரப்பில் வெளியே பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கின்றது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடகை கொடுத்து மாளாத குடும்பங்கள் பல, கடந்த சில ஆண்டுகளில் கல்யாண், அம்பர்நாத், பத்லாப்பூர் எனத் தொலைவான ஊர்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஒரு தலைமுறை கடந்து சென்ற ஊரில் அடுத்த தலைமுறை இறங்கிக் குடியேறியிருக்கின்றது. சங்கத்தைச் சேர்ந்த ஒன்பது குடும்பங்கள், குழந்தைகளும் முதியோருமாக 31 பேர், சென்ற சனவரித் திங்களில் ஒரு சனி, ஞாயிறு இரண்டு நாட்களை அங்கே கழித்து வந்தோம். அது வெறும் உல்லாசப் பயணம் அன்று. அதன் காரணத்தையும், கண்டதையும், முடிந்ததையும் அன்பர்களுக்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

பயணத்தின் காரணம்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு தாராவியில் ஓர் அறையில் நடைபெற்று வருவதை அனைவரும் அறிவர். அம்பர்நாத்திற்குக் குடிபெயர்ந்தோரின் பிள்ளைகளால் அங்கு வர இயலவில்லை. சயான் வரை வண்டியிலேயே ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகின்றது. ஞாயிறு தோறும் ஏதாவது ஒரு பகுதியில் மெகா பிளாக் என்று பாதை மராமத்து வேறு. ஆகவே தங்கள் ஊரிலும் ஒரு வகுப்பு வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். தாராவியினரோ, உள்ள பணம் ஓர் ஆசிரியைக்கும் ஓர் அறைக்குமே போதவில்லை, வகுப்பை இரண்டாகப் பிரித்தால் இரண்டும் நிலைக்கா என்றனர். இரு சாரார் கூற்றிலும் நியாயம் இருந்தது. மும்முறை கை தூக்கி ஓட்டெடுத்தோம். எண்ணிக்கையில் குறைந்த அம்பர்நாத்தார் மும்முறையும் தோற்றனர். மூன்றாம் முறை, "நீங்களாகத்தானே விட்டுப் போனீர்கள்?" என்று ஒரு குரல் எழுந்தது. அந்தச் சொல்லின் பின் நான்கு குடும்பங்கள் சந்தா செலுத்துவதை நிறுத்திவிட்டன.

இந்நிலையில் செம்பூரில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு யோசனை கூறினார். அவர் இளமையில் சில காலம் மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் நகரில் இருந்தவர். அந்நகருக்கு இப்போது நர்மதாபுரம் என்று பெயர். அதனை அடுத்த ரசூலியாவில் குவேக்கர்கள் என்னும் நண்பர் சபையார் அமைத்த கிராம நிலையம் உண்டு. அங்கு அவர்களோடு பல ஞாயிறுகள் அமர்ந்து பழகியவர் எங்கள் ஆசிரியர். நெற்றியில் திருநீறு துலங்கும் சைவர். மதம் மாறியவர் அல்லர். "நான்காம் முறையும் கை தூக்க வேண்டாம். குவேக்கர்கள் குடும்பத்தோடு ஓரிடத்தில் இரண்டு நாள் தங்கி, பேசாமல் அமர்ந்து, பிறகு பேசுவார்கள். நாமும் செய்து பார்ப்போம். அம்பர்நாத்திற்கே போவோம், அவர்கள் வண்டியில் நாமும் ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டாமா?" என்றார். வேறு வழி தோன்றாமையால் ஒப்புக்கொண்டோம்.

சனிக்கிழமைப் பிற்பகல் தாராவியினர் சயானிலும், மாட்டுங்காவினர் மாட்டுங்காவிலும் ஏறினர். செம்பூரார் ஹார்பர் வண்டியில் குர்லா வந்து மாறிக்கொண்டனர். புளியோதரைத் தூக்கும், பாய்ச்சுருளும், பிள்ளைகளுமாக உள்ளூர் வண்டியில் நுழைவது எத்தகைய வித்தை என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. தாணே கடந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி கூறினோம். இந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் ஓடி வந்து நின்ற இடம் இந்தத் தாணேதான்; மறு ஆண்டே பாதை கல்யாணை எட்டியது. பிள்ளைகள் கேட்டுக்கொண்டனர். எனினும் கல்யாணுக்குப் பின் வலப்புறம் தோன்றிய மலங்கட் மலைதான் அவர்கள் உள்ளத்தைக் கவர்ந்தது.

வான்நாதர் கோயில்

அம்பர்நாத் இன்று ஒரு தொழில் நகரம். மத்திய அரசின் படைக்கலத் தொழிற்சாலை இங்கு உள்ளது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை ஒரு காலத்தில் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தது. கோவில்பட்டி, சிவகாசிப் பக்கத்து அன்பர்கள் இதனைக் கேட்டு ஒரு புன்முறுவல் பூத்தார்கள். தொழில் என்றால் அதன் தீமையும் உடன் வரும். ஊரின் நடுவே செல்லும் வால்துனி ஆறு, ஆலைக் கழிவும் ஊர்க் கழிவும் கலந்து, ஆறு என்ற பெயரை மட்டுமே தாங்கிக் கிடக்கின்றது.

அந்த ஆற்றங்கரையில் நிற்கின்றது ஆயிரம் ஆண்டை நெருங்கும் ஒரு சிவன் கோயில். நிலையத்தின் கிழக்குப் புறமிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். சாயங்கால வெயிலில் அதனை அடைந்தோம். கொங்கணத்தை ஆண்ட சிலாகார மன்னர் காலத்துக் கோயில் இது. இங்குள்ள கல்வெட்டு சகம் 982, அதாவது கி.பி. 1060 என்று ஆண்டு குறிக்கின்றது. மும்முனி என்னும் அரசன் காலம் அது. அதே காலத்தில் நம் நாட்டில் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து இரண்டாம் இராசேந்திர சோழன் ஆண்டுகொண்டிருந்தான். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து ஐம்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்த ஒப்பீட்டை ஆசிரியர் கூறியபோது, தஞ்சையைக் கண்டிராத பிள்ளைகளுங்கூட நிமிர்ந்து நின்றனர்.

கோயில் முழுவதும் இப்பகுதியின் கருங்கல். காற்றும் மழையும் அரித்துச் சிற்பங்களின் முகங்கள் மழுங்கியிருக்கின்றன. ஆயினும் ஓர் அங்குல இடத்தையும் சிற்பி வெறுமையாக விடவில்லை. நம் ஊர்க் கோயில்களில் கருவறைக்குச் சமதளத்திலோ, சில படிகள் ஏறியோ செல்கின்றோம். இங்கு மண்டபத்திலிருந்து ஏறத்தாழ இருபது படிகள் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் குளிர்ந்த இருள். அண்ணாந்து பார்த்தால் வானம்! விமானம் முற்றுப்பெறாமல் மேலே திறந்து கிடக்கின்றது. பாண்டவர்கள் ஒரே இரவில் கட்டினார்கள், விடிந்துவிட்டதால் கூரையை முடிக்கவில்லை என்பது உள்ளூர்க் கதை. அம்பரம் என்றால் ஆகாயம். சிதம்பரத்தில் ஆகாயமாக வழிபடப்படும் அதே பெருமான் இங்கே ஆகாயத்தின் நாதனாக, ஆகாயத்தின் கீழேயே அமர்ந்திருக்கிறான். எங்களுள் கிறித்தவரும் முகமதியரும் இருந்தனர். அவர்கள் வெளியே நின்று சிற்பங்களைக் கண்டு மகிழ்ந்தனர். தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கின்றது. மகாசிவராத்திரியன்று பெருந்திருவிழாவும் கூடுகின்றது.

நண்பர் சபையார்

இரவு தங்குவதற்கு அம்பர்நாத் அன்பர் ஒருவரின் வீட்டு மாடியும், அடுத்திருந்த ஒரு கூடமும் கிடைத்தன. தாராவியினரும் அம்பர்நாத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்தாலும், பரிமாறுவோர்க்கு மட்டுமே மறுமொழி கிடைத்தது. உணவுக்குப் பின் ஆசிரியர் பிள்ளைகளை முன்னே அமர்த்திக் கதை சொல்வதுபோல் குவேக்கர் வரலாற்றைக் கூறினார். பெரியவர்களும் கேட்டோம்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் தோற்றுவித்த சபை அது. அவர் பிறந்தது 1624, மறைந்தது 1691. ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஆண்டவனின் ஒளி உண்டு. அதனை உணரக் குருக்களோ சடங்கோ தேவையில்லை. ஆணைப் போலவே பெண்ணும் பேசலாம் என்பது அவர் கொள்கை. ஆண்டவன் முன் நடுங்குவோர் என்று பிறர் இட்ட கேலிப்பெயரே குவேக்கர் என்பது. தங்களை அவர்கள் நண்பர்கள் என்றே அழைத்துக்கொண்டனர். போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அவர்கள் விரதம். இரு உலகப் போர்களிலும் பசித்தோர்க்கும் அகதிகளுக்கும் செய்த தொண்டிற்காக, அவர்களுடைய ஆங்கில, அமெரிக்க ஊழிய அமைப்புகள் இரண்டும் 1947-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றன.

"இவர்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று ஒரு சிறுவன் கேட்டான். ஆசிரியர் மார்ஜரி சைக்ஸ் அம்மையாரைப் பற்றிக் கூறினார். யார்க்ஷயரில் 1905-இல் பிறந்த அவர், 1928-இல் சென்னை வேப்பேரியிலுள்ள பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். தமிழ் கற்றார். சென்னையில் இருந்த காலத்திலேயே குவேக்கர் சபையில் சேர்ந்தார். பின்னர்ச் சாந்திநிகேதனத்திலும், காந்தியடிகளின் சேவாகிராமத்திலும் கல்விப்பணி ஆற்றினார். கோத்தகிரியிலும் ரசூலியாவிலும் வாழ்ந்து 1995-இல் மறைந்தார். இந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். பிறமொழி பேசும் நாட்டில் வந்து குடியேறி அம்மொழியைக் கற்ற ஒருவர் கதை, எம்மைப் போன்று வேற்று மாநிலத்தில் வாழ்வோரின் செவியில் தனிச் சுவையுடன் விழுந்தது.

மும்பைக்கும் ஒரு தொடர்பு உண்டு. லாரி பேக்கர் என்னும் குவேக்கர் கட்டடக் கலைஞர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சீனத்தில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு, ஊர் திரும்பக் கப்பலை எதிர்பார்த்துப் பம்பாயில் தங்கியிருந்தார். அப்போதுதான் காந்தியடிகளைச் சந்தித்தார். வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்று காந்தியடிகள் கூறியது அவர் வாழ்க்கையையே மாற்றியது. பின்னர் இந்தியாவிற்கே வந்து, திருவனந்தபுரத்தில் ஏழைகளுக்கேற்ற செங்கல் வீடுகளைக் கட்டிப் புகழ் பெற்றார். "இன்று மாலை நாம் பார்த்த கோயிலும் இந்த மண்ணின் கல்லால் ஆனதுதானே?" என்றாள் ஒரு சிறுமி. ஆசிரியர் மகிழ்ந்து போனார்.

இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், நமக்குத் தெரிந்த ஒரு பங்கையும் சேர்த்தோம். 1825-இல் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கிய ஸ்டாக்டன்–டார்லிங்டன் இரயில்வேக்கு முதலாக நின்றவர் எட்வர்டு பீஸ் என்ற குவேக்கர் வணிகர். அப்பாதையைக் குவேக்கர் பாதை என்றே மக்கள் அழைத்தனர். கால அட்டவணை நூலை முதன்முதலில் 1839-இல் வெளியிட்ட பிராட்ஷா குவேக்கர். அட்டையில் வரிசை எண் அச்சிட்ட பயணச்சீட்டைக் கண்டுபிடித்த தாமஸ் எட்மண்ட்சனும் குவேக்கரே. தொழில் நொடித்துப்போய் ஒரு சிற்றூர் நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தவர் அவர். சீட்டு ஒவ்வொன்றையும் கையால் எழுதிக் கொடுப்பதில் நேரமும் வீணாகின்றது, கணக்கிலும் பிசகுக்கு இடமுண்டு என்று கண்டு அந்த முறையை அமைத்தார். நம் பெற்றோர் சட்டைப் பையில் பத்திரப்படுத்திய அந்தச் சிறு அட்டைச் சீட்டு அவர் கொடை. கைப்பேசியில் சீட்டு எடுக்கும் பிள்ளைகளுக்கு அது வியப்பாக இருந்தது.

ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "குவேக்கர் கூட்டத்தில் தலைவர் கிடையாது. கூட்டத்தை நடத்துபவருக்கு அவர்கள் இட்ட பெயரே கிளார்க். நாளைக்கு நீங்கள்தான் எழுத்தர்" என்று நம்மைச் சுட்டினார். அவர்களிடத்தில் ஓட்டெடுப்பு இல்லை. அனைவரும் பேசிய பின் கூட்டத்தின் உள்ளக்கருத்து எது என்று எழுத்தர் உணர்ந்து, அங்கேயே எழுதி, உரக்கப் படிக்க வேண்டும். உறுப்பினர் திருத்துவர். எல்லோர்க்கும் இசைவானால் அதுவே தீர்மானம். மனம் ஒப்பாதவர், குறுக்கே நிற்காமல் ஒதுங்கி நிற்பதாகச் சொல்லலாம். இசைவே இல்லையெனில் முடிவு தள்ளிப் போகும்.

இதைக் கேட்டதும் மாட்டுங்காவைச் சேர்ந்த இளம் தாய் ஒருவர், "எவ்வளவு நாள் தள்ளிப் போகும், ஐயா?" என்று கேட்டார். ஆசிரியர் மறைக்கவில்லை. அமெரிக்காவில் ஜெர்மன்டவுன் என்னும் ஊரில் சில குவேக்கர்கள் அடிமை முறை பாவம் என்று 1688-இல் எழுதிக் கையொப்பமிட்டனர். ஃபிலடெல்ஃபியா ஆண்டுக்கூட்டம் உறுப்பினர் எவரும் அடிமை வைத்திருக்கலாகாது என்று விதித்ததோ 1776-இல். இடைப்பட்டவை 88 ஆண்டுகள். ஜான் உல்மன் போன்றோர் வீடு வீடாகச் சென்று மன்றாடிய பின்னரே அது கைகூடியது. "விலங்கில் இருந்தவனுக்கு அந்த எண்பத்தெட்டு ஆண்டும் எப்படிப் போயிருக்கும்? நம் பிள்ளைகளும் அதுவரை பிள்ளைகளாகவே இருக்கமாட்டார்களே" என்றார் அந்தத் தாய். ஆசிரியர் சற்றுநேரம் வாய் திறவாதிருந்தார். பின், "நீங்கள் சொல்வது சரி, அம்மா. இந்த முறையில் உள்ள குறை அது. நாளைக்கே அமர்வோம்" என்று மட்டும் கூறினார்.

பேசாத ஒரு மணி நேரம்

ஞாயிறு காலை ஏழு மணி. கூடத்தில் பாய்களை வட்டமாக விரித்தோம். வட்டத்திற்குத் தலைமாடும் கால்மாடும் இல்லை. ஆகையால் யார் எங்கே அமர்வது என்ற கேள்வியே எழவில்லை. ஆசிரியர் கூறிய விதிகள் சிலவே. பேசாமல் அமர வேண்டும். உள்ளத்தில் ஒன்று எழுந்து, சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றினால் எழுந்து ஒரு முறை சொல்லலாம். அதற்கு யாரும் பதில் கூறலாகாது. ஒருவர் பேசியதன் பின் சிறிது நேரம் அமைதி காக்க வேண்டும். பிள்ளைகள் முதற் கால் மணி நேரம் உடனிருந்துவிட்டு, இரண்டு இளைஞர் துணையோடு விளையாடச் செல்லலாம்.

மௌனம் தமிழருக்குப் புதிதன்று. கல்லால மரத்தின் கீழ் வாய் பேசாது உபதேசித்த தட்சிணாமூர்த்தியை நாம் கோயில்தோறும் வணங்குகின்றோம். திருவண்ணாமலையில் இரமணர் மௌனத்திலேயே பலருக்கு விடை தந்தார். ஆயினும் அங்கெல்லாம் மௌனம் ஞானியின் உடைமை. மளிகைக் கடைக்காரரும், தையற்காரரும், பள்ளிச் சிறுமியும், பல் போன பாட்டியும் சேர்ந்து ஒரே மௌனத்தைத் தாங்கிப் பிடிப்பது எங்களுக்குப் புதிதாக இருந்தது. முதல் பத்து நிமிடம் இருமலும் வளையல் ஓசையுமாகச் சென்றது. குழந்தை ஒன்று சிணுங்கிற்று. தாராவிப் பெண்ணொருத்தியின் குழந்தையை அம்பர்நாத் பெண்ணொருத்தி வாங்கி மடியில் இட்டுக்கொண்டாள். தொலைவில் ஒரு நெடுந்தூர வண்டி ஊதிக்கொண்டு கடந்தது. அது நம் ஊர்ப்பக்கம் செல்வதா, அங்கிருந்து வருவதா என்று எண்ணாதவர் அவ்வட்டத்தில் இருந்திருக்க முடியாது.

பிள்ளைகள் எழுந்து சென்ற பின் வெகுநேரம் யாரும் பேசவில்லை. முதலில் எழுந்தவர் தாராவியில் தோற்பை தைக்கும் முகமதிய அன்பர். தம் தந்தை உருது எழுத்தும் தமிழ் எழுத்தும் ஒருசேரக் கற்பித்ததையும், தம் மகனுக்கு இரண்டையும் கற்பிக்கத் தமக்கு ஓய்வு கிடைக்கவில்லை என்பதையும் கூறி அமர்ந்தார். அதன்பின் மீண்டும் அமைதி.

பிறகு அம்பர்நாத்தில் மகனோடு வாழும் திருநெல்வேலி ஆச்சி ஒருவர், எழ முடியாமல் அமர்ந்தபடியே பேசினார். அவர் சொன்னதை அவர் மொழியிலேயே தருகின்றோம்.

"எம் பேத்தி எனக்கு மருந்துச் சீட்டெல்லாம் வாசிச்சுச் சொல்லுதா. மராத்தி வாசிக்கா, இந்தி வாசிக்கா, இங்கிலீசும் வாசிக்கா. போன மாசம் ஊர்லேருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துது. அதை அவளால வாசிக்க முடியல. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனவ இல்ல. மகன் வேலைக்குப் போனா ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வாரான். அவன் வாரது வரைக்கும், யாருக்குக் கல்யாணம்னு தெரியாம, அதைக் கையில வச்சுக்கிட்டே இருந்தேன்."

இவ்வளவுதான். விதிப்படி யாரும் மறுமொழி கூறவில்லை. ஓட்டெடுப்புக் கூட்டமாக இருந்திருந்தால் உடனே ஒருவர் எழுந்து, "அதற்குத்தான் தாராவிக்கு வரச் சொல்கிறோம்" என்றிருப்பார். எட்டு மணிக்கு ஆசிரியர் பக்கத்திலிருந்தவருக்குக் கை கூப்பினார். நாங்களும் ஒருவருக்கொருவர் வணக்கம் செலுத்தி எழுந்தோம். இட்டிலிப் பந்தியில் அன்று எவரும் அரசியல் பேசவில்லை.

எழுத்தரின் குறிப்பு

பத்து மணிக்கு மீண்டும் அதே வட்டத்தில் அமர்ந்தோம். இம்முறை எங்கள் மடியில் குறிப்பேடு இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு முறை பேசி முடிக்கும்வரை எவரும் இரண்டாம் முறை பேசலாகாது என்று வைத்துக்கொண்டோம். கடைசியாகப் பேசியவர் தாராவி அண்ணாச்சி. வகுப்பு நடைபெறும் அறையை முப்பது ஆண்டுகளாகக் கட்டிக் காத்து வருபவர் அவர். அவர் வாய்ச்சொல்லே மும்முறையும் ஓட்டெடுப்பைத் திருப்பியது. அவர் உரத்த குரலில் பேசுபவர். அன்று மெல்லப் பேசினார்.

"மறுசீரமைப்புக்காக வீடு வீடாக அளந்து, என் கதவிலும் எண் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாருக்குத் தாராவிக்குள் வீடு, யாருக்கு வெளியே என்று இன்னும் தெரியவில்லை. நாளைக்கு நானும் எங்கேயோ போகவேண்டியிருக்கலாம். அந்த அறையும் போய்விட்டால், இங்கே தமிழன் இருந்தான் என்பதற்கு என்ன மிஞ்சும்? உங்களோடு சண்டை போடவில்லை. அறைக்கு வரும் பிள்ளைகள் குறைந்தால், காலி செய் என்று சொல்வது எளிதாகிவிடும் என்று பயப்படுகிறேன்."

அம்பர்நாத்தாருள் எவரும் அதுவரை இதனை இவ்வாறு கேட்டிருக்கவில்லை. மூன்று கூட்டங்களில் பேசப்பட்டது பணக்கணக்கு மட்டுமே. சற்றுநேர அமைதிக்குப் பின், சந்தாவை நிறுத்திய நான்கு குடும்பங்களுள் ஒன்றின் தலைவர், அறை வாடகையில் ஒரு ரூபாயும் குறைக்கலாகாது என்று தாமே முன்மொழிந்தார். கல்லூரியில் படிக்கும் தாராவி இளைஞர் இருவர், ஆசிரியை வராத ஞாயிறுகளில் தாங்கள் வகுப்பை நடத்துவதாகக் கூறினர். ஆசிரியையும் மாதம் இரு முறை அம்பர்நாத் வர இசைந்தார்.

எழுதிப் படித்தோம். "அவர்கள்" என்று வந்த இடங்களையெல்லாம் "நாம்" என்று மாற்றச் சொன்னார் ஆச்சி. "தற்காலிகமாக" என்பதற்கு ஒரு கால அளவு வேண்டும் என்றார் அந்த இளம் தாய். மூன்றாம் முறை படித்தபோது குறிப்பு இவ்வாறு நின்றது:

தாராவி அறை வழக்கம்போல் நடைபெறும். வாடகை குறைக்கப்படாது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் ஆசிரியை அம்பர்நாத்தில் வகுப்பு நடத்துவார். அந்நாட்களில் இளைஞர் இருவர் தாராவி வகுப்பைப் பார்த்துக்கொள்வர். இரயில் கட்டணம் சங்கத்தைச் சாரும். ஆறு மாதம் கழித்து நாம் அனைவரும் மீண்டும் இதே முறையில் அமர்ந்து பரிசீலிப்போம்.

இசைவா என்று வட்டத்தைச் சுற்றிக் கேட்டோம். அண்ணாச்சியின் முறை வந்தது. "எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆனால் குறுக்கே நிற்கமாட்டேன். ஒப்பவில்லை என்று நான் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அவ்வாறே எழுதினோம். தோற்றவரின் கருத்தும் தீர்மானத்தின் உள்ளேயே இடம் பெறுவதை எங்கள் அலுவலகக் கோப்புகளில் கண்டதில்லை.

மெகா பிளாக் முடிந்து வண்டிகள் சீரான பின் மாலையில் புறப்பட்டோம். நிலையம் வரை வழியனுப்ப அம்பர்நாத் குடும்பங்கள் அனைத்தும் வந்தன. பழைய கோபம் அடியோடு போயிற்று என்று கூறினால் அது மிகையாகும். இரு வீட்டார் இன்னும் பேசிக்கொள்வதில்லை. நின்றுபோன நான்கு சந்தாக்களுள் மூன்று திரும்பி வந்துள்ளன.

வகுப்பு தொடங்கி நடந்து வருகின்றது. அம்பர்நாத் வகுப்பில் முதல் நாள் 11 பிள்ளைகள். தாராவி அறையில் எண்ணிக்கை குறையவில்லை. இளைஞர் வகுப்பு நடத்தும் ஞாயிறுகளில் பாட்டும் விளையாட்டும் இருப்பதால் ஒருவர் இருவர் கூடுதலாகவே வருகின்றனர். அண்ணாச்சி மாதந்தோறும் இரண்டு இடத்து வருகைப் பதிவேட்டையும் கேட்டு வாங்கி, பெயர் பெயராகப் பார்க்கிறார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை. ஆறு மாதம் முடிய இன்னும் நாள் இருக்கின்றது.

குவேக்கர்களின் மதத்தை நாம் ஏற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவர்கள் முறையால் எல்லாச் சச்சரவும் தீரும் என்றும் சொல்லோம். எண்பத்தெட்டு ஆண்டுக் கணக்கை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் பிறந்த மண்ணைவிட்டு வந்த இடத்தில், கைக்கணக்கில் தோற்ற சிலர் சங்கத்தைவிட்டே போய்விட்டால் இழப்பு இரு சாரார்க்கும்தான். பிற கிளைகளிலும் தீராத வழக்கு ஏதேனும் இருப்பின், அன்பர்கள் குடும்பத்தோடு ஒரு சனிக்கிழமை புறப்பட்டு இவ்வாறு அமர்ந்து பார்க்கலாம். செலவு அதிகமில்லை: புளியோதரை, பாய், போக வர இரயில் கட்டணம்.

அம்பர்நாத் செல்ல விரும்புவோர் கர்ஜத், பத்லாப்பூர், அம்பர்நாத் என்று பலகையிட்ட வண்டிகளில் ஏறலாம். கசாரா வண்டியில் ஏறிவிட்டால் கல்யாணில் இறங்கி மாற வேண்டும். நகர முனையத்திலிருந்து தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நிலையத்தின் கிழக்கு வாயிலில் கோயிலுக்கு ஆட்டோக்கள் கிடைக்கும். சிவராத்திரியை ஒட்டிய நாட்களில் கூட்டம் மிகுதி. குழந்தைகளோடு செல்வோர் வேறு நாளைத் தேர்ந்துகொள்வது நலம். கருவறைப் படிகளில் இறங்கும்போது முதியோர் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். கல் வழவழப்பாக இருக்கின்றது. மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கத் தோன்றும்.